தந்தி வாத்தியார் செய்த பேனா

பெட்டிக்குள் ஒரு பேனா

கன்னியாகுமரி மாவட்டத்தில் கடியப்பட்டணம் என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே, அரபிக் கடல் ஓரத்தில் உள்ள ஊர் அது. மீன் பிடிப்பதுதான் அங்கே முக்கியமான தொழில்.

இந்தக் கடலோர ஊர்களில் இருந்து பலர் பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது துணி, சோப்பு, அத்தர் எல்லாம் கொண்டு வருவார்கள். படிக்கிற பிள்ளைக்கு என்று ஒரு பேனாவும் வரும்.

அந்தப் பேனாவை எடுத்து எழுதப் பலருக்கு மனம் வராது. பட்டுத் துணியோடும் வீட்டுப் பத்திரத்தோடும் பெட்டியில் வைத்துவிடுவார்கள். மூடியில் அம்பு போன்ற கொக்கி இருந்தால், அது பார்க்கர் பேனா என்று பெருமையோடு சொல்லிக் கொள்வார்கள்.

அது உண்மையிலேயே பார்க்கர்தானா? அது எப்போது செய்த பேனா? எந்த வகை?

உலகம் முழுவதும் பழைய பேனாக்களைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது தயாரிக்கப்படாத பழைய பார்க்கர் பேனாக்களுக்கு அவர்களிடம் நல்ல மதிப்பு உண்டு. ஒரு பேனாவைக் கையில் வாங்கியதும், அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பார்க்கர் பேனா காலத்துக்குக் காலம் மாறியது. அந்த மாற்றங்களில் பல, ஒரு குறையைத் தீர்ப்பதற்காக வந்தவை. பேனாவின் கதை தெரிய வேண்டுமானால், அதைச் செய்த மனிதரின் கதை தெரிய வேண்டும்.

அந்த மனிதரின் பெயர் ஜார்ஜ் பார்க்கர்.

தந்திப் பள்ளிக்கூடம்

ஜார்ஜ் பார்க்கர் 1863ஆம் ஆண்டு நவம்பர் 1ந் தேதி அமெரிக்காவில் பிறந்தார். விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஷல்ஸ்பர்க் என்ற சிற்றூர்தான் அவர் பிறந்த இடம்.

அந்தக் காலத்தில் தந்தி புதிய தொழிலாக இருந்தது. ரெயில் பாதை போகும் இடம் எல்லாம் தந்திக் கம்பியும் போயிற்று. தந்தி அடிக்கத் தெரிந்தவர்களுக்கு உடனே வேலை கிடைத்தது.

பார்க்கரும் தந்தி கற்க ஆசைப்பட்டார். ஜேன்ஸ்வில் என்ற நகரில் ஒரு தந்திப் பள்ளிக்கூடம் இருந்தது. அதில் மாணவராகச் சேர்ந்தார். நன்றாகக் கற்றதால் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அவருக்கு வாத்தியார் வேலை கிடைத்தது.

வேலை கிடைத்தது. ஆனால் சம்பளம் போதவில்லை. ஆகவே அவர் பக்கத் தொழிலாகப் பேனா விற்றார். ஜான் ஹாலண்டு என்ற கம்பெனியின் பேனாக்களைத் தருவித்துத் தம் மாணவர்களிடமே விற்றார்.

தந்தி படிக்கும் மாணவனுக்குப் பேனா அவசியம். கருவி கட கட என்று ஒலிக்கும். அதைக் காதால் கேட்டுக் கொண்டே கையால் எழுத வேண்டும். நடுவில் மைக்கூட்டைத் தேடினால் செய்தி போய்விடும். உள்ளேயே மை உள்ள ஊற்றுப் பேனா அதற்கு மிகவும் உதவியாக இருந்தது.

மை ஒழுகியது

மாணவர்கள் காசு கொடுத்துப் பேனா வாங்கினார்கள். சில நாட்களில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

ஒருவன் பேனாவில் மை வரவில்லை. இன்னொருவன் பேனாவில் மை கொட்டியது. விரலில் கறை, சட்டையில் கறை, காகிதத்திலும் கறை.

செய்தது வேறு கம்பெனி, விற்றது மட்டும்தான் தமது வேலை என்று பார்க்கர் கையை விரித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தம்மை நம்பித்தானே பையன்கள் வாங்கினார்கள் என்று எண்ணினார்.

சிறிய கடைசல் எந்திரம் ஒன்று வாங்கினார். அரம், வாள் முதலிய சிறு கருவிகளையும் வாங்கினார். வகுப்பு முடிந்த பிறகு உட்கார்ந்து பேனாக்களைப் பழுது பார்த்தார்.

ஒரு பேனாவைக் கழற்றிச் சரி செய்தால் அதன் குறை தெரியும். பல பேனாக்களைக் கழற்றினால், எல்லாவற்றுக்கும் பொதுவான குறை தெரியும். பார்க்கருக்கு அது தெரிந்தது. பிறர் செய்த பேனாவைத் திருத்துவதைவிட, நல்ல பேனாவை நாமே செய்தால் என்ன என்று நினைத்தார்.

1888ஆம் ஆண்டில் பார்க்கர் பேனா கம்பெனி தோன்றியது. மறு ஆண்டு, 1889 டிசம்பர் மாதம், அவருடைய பேனாவுக்கு முதல் பேடண்டு உரிமை கிடைத்தது.

தொழில் நடத்தப் பணம் வேண்டுமே! பால்மர் என்ற இன்ஷூரன்ஸ்காரர் பார்க்கரின் பேனாவைப் பார்த்தார். அதில் நம்பிக்கை வைத்து ஆயிரம் டாலர் கொடுத்துக் கம்பெனியில் பாதிப் பங்குக்கு உரியவர் ஆனார். 1892ஆம் ஆண்டில் கம்பெனி முறைப்படி பதிவாயிற்று.

வளைந்த நாக்கு

அப்போது பேனா செய்தவர் பார்க்கர் ஒருவர் மட்டும் அல்ல. வாட்டர்மன் என்பவர் 1884ஆம் ஆண்டிலேயே நல்ல ஊற்றுப் பேனாவுக்கு உரிமை பெற்றிருந்தார். மை வெளியே வரும்போது அதன் இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு வழி செய்தவர் அவர்.

ஆனாலும் ஒரு தொல்லை பாக்கி இருந்தது.

நிப்புக்கு அடியில் ஒரு கட்டை இருக்கிறது அல்லவா? அதை நாக்கு என்று சொல்வார்கள். அதன் வழியாகத்தான் மை நிப்புக்கு வருகிறது. எழுதி முடித்துப் பேனாவைச் சட்டைப் பையில் நிமிர்த்தி வைத்தால், கொஞ்சம் மை அந்த நாக்கிலேயே தங்கிவிடும். உடம்புச் சூட்டில் பேனாவுக்குள் இருக்கும் காற்று விரியும். விரிந்த காற்று, தங்கிய மையை மேலே தள்ளும். அது மூடிக்குள் வழியும். அடுத்த முறை மூடியைத் திறந்தால் விரல் எல்லாம் மை!

பார்க்கர் இதற்கு எளிய மருந்து கண்டார். நாக்கின் உள்முனையை நீளமாக்கி வளைத்தார். அந்த வளைந்த முனை பேனாவின் உள்சுவரைத் தொட்டுக் கொண்டிருக்கும். பேனாவை நிமிர்த்தியதும், நாக்கில் தங்கிய மை சுவரைப் பற்றிக் கொண்டு கீழே இறங்கிவிடும்.

இந்தப் பேனா 1894ஆம் ஆண்டில் வந்தது. இதற்கு லக்கி கர்வ் என்று பெயர். அதிர்ஷ்ட வளைவு என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி பார்க்கருக்கு அது அதிர்ஷ்டத்தைக் கொடுத்தது.

பழைய பேனா சேர்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர் ஒரு நல்ல அடையாளம். பேனாவின் உடலில் லக்கி கர்வ் என்று பொறித்திருந்தால், அது பழைய காலத்துப் பேனா. 1920களின் இறுதியில் இந்தப் பெயரைப் பொறிப்பது மறைந்து போயிற்று.

பாம்புப் பேனாவும் போர்ப் பேனாவும்

பார்க்கர் ஊர் ஊராகச் சுற்றுவதில் விருப்பம் உள்ளவர். கடல் கடந்தும் பயணம் செய்தார். வெளிநாடுகளில் தம் பேனாவுக்கு ஏஜெண்டுகளைத் தேடினார். 1903ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டில் முதல் வெளிநாட்டு ஏஜெண்டு கிடைத்தார்.

செல்வர்களுக்காக அலங்காரப் பேனாக்களும் செய்தார். அவற்றில் மிகவும் பெயர் பெற்றது பாம்புப் பேனா. பேனாவின் உடலையும் மூடியையும் பாம்பு சுற்றிக் கொண்டிருப்பது போல வெள்ளியிலும் தங்கத்திலும் வேலை செய்திருக்கும். பாம்பின் கண்கள் பச்சையாக மின்னும். நூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பேனா இன்று மிக அரிது.

1997ஆம் ஆண்டில் அதன் நினைவாக அதே போன்ற பாம்புப் பேனாவைக் கம்பெனியே மறுபடி வெளியிட்டது. ஆகையால் பாம்பு இருக்கிறது என்பதற்காகவே அது பழைய பேனா என்று நம்பிவிடக் கூடாது.

முதல் உலகப் போர் வந்தது. போர்முனையில் பதுங்கு குழியில் இருக்கும் சிப்பாய் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். மைக்கூட்டுக்கு எங்கே போவான்? அவனுக்காகவும் ஒரு பேனா வந்தது. அதன் வால் பகுதியில் மை மாத்திரைகள் இருந்தன. ஒரு மாத்திரையைப் பேனாவுக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மை தயார்!

தாய்க்கும் மனைவிக்கும் எழுதிய கடிதங்கள் அந்தப் பேனாவால் ஊர் வந்து சேர்ந்தன.

பெரிய சிவப்புப் பேனா

1921ஆம் ஆண்டில் பார்க்கர் கம்பெனியில் ஒரு வாக்குவாதம் நடந்தது.

அதுவரை பேனா என்றால் பெரும்பாலும் கறுப்பு நிறம். கம்பெனியின் விற்பனை நிர்வாகிகளில் ஒருவரான லூயிஸ் டெபல் ஒரு யோசனை சொன்னார். பேனா பெரிதாக இருக்க வேண்டும். சிவப்பாக இருக்க வேண்டும். விலை 7 டாலர் வைக்க வேண்டும் என்றார்.

சாதாரணப் பேனாவின் விலையைப் போல அது இரண்டு மடங்குக்கு மேல். யார் வாங்குவார்கள் என்று கம்பெனியில் தயங்கினார்கள். ஆனாலும் செய்து பார்த்தார்கள். பேனா அமோகமாக விற்றது!

அதன் பெயர் டூயோபோல்டு. மக்கள் அதைப் பெரிய சிவப்பன் என்று செல்லமாக அழைத்தார்கள். அதில் மை நிரப்பச் சொட்டுக் குழாய் தேவை இல்லை. வால் மூடியைக் கழற்றினால் ஒரு பொத்தான் இருக்கும். நிப்பை மையில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், உள்ளே இருக்கும் ரப்பர் பை சுருங்கி விரிந்து மையை இழுத்துக் கொள்ளும்.

எல்லா டூயோபோல்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் அவற்றில் பல வகை உண்டு.

மிகவும் பழைய வகையில் மூடியின் விளிம்பில் உலோகப் பட்டை கிடையாது. விளிம்பு வெடிப்பதைத் தடுக்கப் பின்பு பட்டை போட்டார்கள். ஆகவே பட்டை இல்லாத பேனா முந்தியது.

முதலில் வந்தது எபனைட் என்ற கெட்டி ரப்பரால் ஆனது. அது கீழே விழுந்தால் உடையும். 1926ஆம் ஆண்டில் புதிய பிளாஸ்டிக்கால் செய்யத் தொடங்கினார்கள். அது எளிதில் உடையாது. அதைக் காட்டுவதற்காக உயரமான இடங்களில் இருந்து பேனாவைக் கீழே போட்டு விளம்பரம் செய்தார்கள். பச்சை, நீலம், மஞ்சள் நிறங்களும் அதன் பிறகு வந்தன.

முதலில் பேனாவின் இரு நுனிகளும் தட்டையாக இருந்தன. 1929ஆம் ஆண்டில் நுனிகளைச் சரிவாக ஒடுக்கினார்கள். தட்டை நுனி முந்தியது. ஒடுங்கிய நுனி பிந்தியது.

இதே பெயரில் 1980களின் இறுதியில் கம்பெனியின் நூற்றாண்டு நினைவாகவும் ஒரு பேனா வந்தது. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துவிடலாம்.

மகன் கையில் தொழில்

ஜார்ஜ் பார்க்கரின் மகன்கள் ரஸ்ஸலும் கென்னத்தும் தொழிலில் சேர்ந்திருந்தார்கள். 1929க்குப் பிறகு அமெரிக்காவில் பெரும் பணமுடை வந்தது. விலை உயர்ந்த பேனா விற்பது கடினம் ஆயிற்று. புதிதாக ஏதாவது செய்தால்தான் பிழைக்க முடியும் என்ற நிலைமை.

ரப்பர் பை நாளடைவில் இற்றுப் போகும். அது பேனாவுக்குள் இடத்தையும் அடைத்துக் கொள்ளும். பை இல்லாமலே மை நிரப்பும் முறையை டால்பர்க் என்ற பேராசிரியர் கண்டுபிடித்திருந்தார். பார்க்கர் கம்பெனி அதை வாங்கிச் சீர்படுத்தியது. 1933ஆம் ஆண்டில் வாகுமேட்டிக் என்ற பேனா வந்தது.

அதன் உடலில் வளையம் வளையமாக நிறம் இருக்கும். வளையங்களின் இடையே வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்று தெரியும். அம்பு போன்ற கொக்கியும் அந்தக் காலத்தில்தான் வந்தது. நம் ஊர்ப் பெட்டிகளில் இருக்கும் பார்க்கர் பேனாவின் அம்புக்கு அதுவே தாய்.

அதன் பிறகு பேனாவின் உடலில் தேதியையும் குறித்தார்கள். உடலில் உள்ள பொறிப்பில் ஒரு எண் இருக்கும். அது ஆண்டின் கடைசி எண். எண்ணின் பக்கத்தில் உள்ள புள்ளிகள், ஆண்டின் எந்தக் காலாண்டில் செய்தது என்பதைக் காட்டும். 8 என்று இருந்தால் அது 1938ஆகவும் இருக்கலாம், 1948ஆகவும் இருக்கலாம். மற்ற அடையாளங்களைப் பார்த்து அதைத் தீர்மானிக்க வேண்டும்.

தொழிலைக் கென்னத்திடம் ஒப்படைத்துவிட்டு ஜார்ஜ் பார்க்கர் ஓய்வு பெற்றார். 1937ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிகாகோ நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 73.

அவர் பார்க்காத பேனா

பார்க்கர் பேனாக்களில் உலகப் புகழ் பெற்றது 51. அதை ஜார்ஜ் பார்க்கர் பார்க்கவில்லை. அவர் இறந்த பிறகே அது வந்தது.

கம்பெனி தொடங்கி 51ஆம் ஆண்டு நடந்தபோது, 1939ல், அந்தப் பேனா உருவாயிற்று. அதனால் அந்தப் பெயர். 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதில் நிப்பு வெளியே தெரியாது. ஒரு கூட்டுக்குள் மறைந்திருக்கும். நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். நிப்பு காற்றில் காயாமல் இருக்க அந்த ஏற்பாடு.

1945ஆம் ஆண்டு மே 7ந் தேதி ஐரோப்பாவில் ஜெர்மனியின் சரணாகதி கையெழுத்தாயிற்று. அப்போது 51 பேனா உபயோகிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 2ந் தேதி ஜப்பான் சரண் அடைந்தது. அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தளபதி மெக்கார்தர் பல பேனாக்களை உபயோகித்தார். அவற்றில் ஒன்று அவருடைய மனைவியின் சிவப்பு டூயோபோல்டு.

51 பேனாவிலும் வகைகள் உண்டு. வாலில் தனியாகக் கழலும் சிறு மூடியும், அதனுள் அழுத்தும் தண்டும் இருந்தால் அது முதல் வகை. உடல் முழுவதையும் கழற்றியதும் உலோகக் குழாயும், அதில் அழுத்தும் தகடும் இருந்தால் அது 1948ல் தொடங்கிய வகை. கொக்கியில் நீல வைரம் போன்ற குறி இருந்தால், அது 1940களில் செய்த பேனாவாக இருக்கலாம். 1972ஆம் ஆண்டில் 51 நிறுத்தப்பட்டது.

ஹீரோவா, பார்க்கரா?

சீனாவில் ஷாங்காய் நகரில் செய்த ஹீரோ பேனா, 51ஐப் பார்த்துச் செய்தது போலவே இருக்கும். நிப்பு அதிலும் கூட்டுக்குள் மறைந்திருக்கும். கொக்கியும் அம்பு போல இருக்கும். நம் ஊர்களுக்கு அது நிறைய வந்தது. பார்க்கர் என்று பெட்டியில் பூட்டி வைத்ததில் ஹீரோவும் உண்டு!

மூடியின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும். நிப்பை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. 51 பேனாக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தங்க நிப்பு. ஆனால் மலிவு விலையில் விற்ற 51 ஸ்பெஷல் வகைக்கு உருக்கு நிப்புத்தான்.

பழைய பேனா கிடைத்தால் சிலர் அதைப் பளபளப்பாக்கத் தேய்க்கிறார்கள். அது பெரிய தவறு. உடலில் பொறித்த எழுத்துக்கள் மிக மெல்லியவை. தேய்த்தால் அழிந்துவிடும். எழுத்து அழிந்தால் பேனாவின் ஊரும் ஆண்டும் அழிந்த மாதிரிதான்.

வெந்நீரில் போடுவதும் கூடாது. எபனைட் நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும். பிளாஸ்டிக் வளைந்து போகும். உள்ளே காய்ந்த மை இருந்தால், நிப்புப் பகுதியை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் வைத்துப் பொறுமையாகக் கரைக்க வேண்டும். கழலாத பகுதியை முறுக்கித் திருகக் கூடாது.

பேனா ஹீரோவாக இருந்தாலும் வருத்தப்பட வேண்டியது இல்லை. கடல் தாண்டிப் போய் உழைத்தவர், படிக்கிற பிள்ளையை நினைத்து வாங்கி வந்தது அது. அந்த மதிப்பு எந்தக் கம்பெனியின் பெயராலும் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

பழைய டூயோபோல்டு பேனாக்களில் ஜார்ஜ் பார்க்கரின் பெயரே பொறித்திருக்கும். பிறர் செய்த பேனாவை விற்று, அதன் குறைக்குத் தாமே பொறுப்பு ஏற்றவர் அவர். பின்பு தாமே செய்த பேனாவில் தம் பெயரைத் துணிந்து பொறித்தார். மாணவர்களின் விரலில் பட்ட மைக் கறைதான் அவரைப் பேனாக்காரர் ஆக்கியது.

பெட்டியில் இருக்கும் பேனாவை ஒரு நாள் வெளியே எடுக்கலாம். தண்ணீரில் மெல்லக் கழுவி, மை நிரப்பி, பிள்ளையின் கையில் கொடுக்கலாம். பேனா எழுதுவதற்காகவே செய்யப்பட்டது.